பத்தாவது தபால் அட்டை

அந்தப் பாட்டின் முதல் இரண்டு அடி எங்கேயாவது காதில் விழுந்தால் போதும், இந்த வயதிலும் ஓடிப்போய் ரேடியோவை அணைத்துவிடுவேன். பாட்டில் பயப்பட ஒன்றும் கிடையாது. கதாநாயகன் சைக்கிள் மணியை அடித்து அடித்துப் பாடுகிற பாட்டு. மொத்தமே நாலு வரிதான். அந்த நாலையும் அலுக்காமல் திருப்பித் திருப்பிப் பாடுவான். சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்த நாட்களில், மலாக்காவின் காஜா பெராங் தெருவை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தால் குறைந்தது மூன்று முறையாவது அதைக் கேட்டுவிடலாம். கோப்பிக் கடையில் ஒரு முறை, முடிதிருத்தும் கடையில் ஒரு முறை, எங்கள் கடையில் ஒரு முறை.

அப்பா டோபிக் கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. துணிக்குக் கஞ்சி போட்டுக் கத்தி மாதிரி மடிப்பு எடுப்பதில் அப்பாவை அடிக்க ஆள் இல்லை என்பதால் போலீஸ்காரர்களின் காக்கி உடுப்பெல்லாம் எங்களிடம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் நேயர் விருப்பம் தொடங்கும் நேரத்துக்கு இளவட்டங்களும் வந்துவிடுவார்கள். துணி மூட்டைகளின் மேல் சாய்ந்துகொண்டு, எந்தப் பாட்டு உசத்தி, எந்தப் பாட்டு மட்டம் என்று மல்லுக்கு நிற்பார்கள்.

ஒரு கட்சிக்குத் தலைவர் மாமா, அம்மாவின் அண்ணன். ஆற்றங்கரைச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. இழுத்து இழுத்துப் பாடும் சோகப் பாட்டென்றால் கண்ணை மூடிக்கொண்டு மீசையைத் தடவுவார். எதிர்க்கட்சித் தலைவன் பதினேழு வயது நிரம்பிய என் அண்ணன். நான் அண்ணன் கட்சி. எனக்குப் பத்து வயது. அந்த வயதில் யாருக்குத்தான் சைக்கிள் மணி பிடிக்காது?

“கேட்ட ஒடனே காலு தானா ஆடுது பாருங்க மாமா, அதான் பாட்டு” என்பான் அண்ணன்.

“எறும்பு கடிச்சாலும்தான் காலு ஆடும். அதுக்காக எறும்பு வளப்பியா?”

“ஊரே கேக்குதே. அப்ப ஊருக்கே ரசன இல்லயா?”

“ஊரு எங்கடா கேக்குது? நீங்க நாலு பேரு மாத்தி மாத்திக் கார்டு போடுறீங்க. அவனும் வேற வழியில்லாம போடுறான்.”

பேச்சு வளர்ந்து பந்தயத்தில் வந்து நின்றது. காஜா பெராங்கிலிருந்து மட்டும் பத்துப் பேர் அந்தப் பாட்டைக் கேட்டு எழுதி, பத்துப் பெயரையும் ரேடியோவில் வாசித்துவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாக மாமா சொன்னார். பத்துப் பேரும் நிஜ ஆட்களாக, பெரியவர்களாக, தனக்குத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை போட்டார். மாமாவின் மீசை லேசுப்பட்ட மீசை இல்லை. தினமும் அதற்கு எண்ணெய் உண்டு.

அண்ணன் ஒன்பது பேரைப் பிடித்துவிட்டான். அட்டைகளை எழுதும் வேலை எனக்கு வந்தது. அவன் கையெழுத்தைப் பார்த்தால் ரேடியோக்காரர்கள் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று அவனுக்கே தெரியும். மாமாவின் காதுக்குப் போய்விடக் கூடாது என்பதால் இது எங்கள் இருவருக்குள் ரகசியம். பத்தாவது ஆளைச் சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று பந்து விளையாடப் போனவன் அப்படியே மறந்துவிட்டான். மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் அட்டைகளைத் தபால் பெட்டியில் போட வேண்டியது நான். பத்தாவது அட்டை பெயரில்லாமல் கையில் இருக்கிறது. மீசையில்லாத மாமாவைப் பார்க்கும் ஆசையோ தாங்கவில்லை.

சித்தப்பாவின் பெயரை எழுதினேன்.

சித்தி, அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். கடையில் துணிக்குத் தண்ணீர் தெளித்து மடிப்பது அவள் வேலை. சித்தப்பா ரப்பர் தோட்டத்தில் கூலி உயர்வுக்காகப் பேசிக்கொண்டிருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. பிடித்து இந்தியாவுக்குக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள் என்றார்கள் சிலர். காட்டுக்குள் போய்க் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்துவிட்டார் என்றார்கள் சிலர். வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த நேரம் அது. காட்டுக்குள் போனவருக்கு உறவு என்று சந்தேகம் வந்தாலே குடும்பத்தோடு விசாரிப்பார்கள். துப்பறியும் ஆட்கள் இரண்டு தடவை வந்து சித்தியின் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. சித்தி என்றைக்குமே சொன்னதில்லை, புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்களில் இல்லை. மற்றவர்கள் பயத்தில் சொல்வதில்லை.

பெயர் எனக்குத் தெரிந்தது சித்தியின் பெட்டியில் இருந்த கல்யாணப் பத்திரிகையால். சித்தப்பா நிஜ ஆள், பெரியவர், மாமாவுக்குத் தெரிந்தவர். மூன்று நிபந்தனையும் சரியாக இருந்தது. மாமா அவரிடம் போய் நிஜமாகவே எழுதினாயா என்று விசாரிக்கவும் முடியாது. அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்றுதான் மிரட்டியிருந்தார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு பாட்டு வந்தது. அறிவிப்பாளர் காஜா பெராங், மலாக்கா என்று தொடங்கிப் பெயர்களை வாசிக்க, கடையில் இருந்தவர்கள் சத்தம் போட்டு எண்ணினார்கள். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது பெயரை அறிவிப்பாளர் நிறுத்தி, தெளிவாக, இனிமையாக வாசித்தார். யாரும் பத்து என்று சொல்லவில்லை.

சைக்கிள் மணி அடித்தது. இரண்டு அடி பாடுவதற்குள் அப்பா ரேடியோவை அணைத்துவிட்டார். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒரு காக்கிக் கால்சட்டை புகைந்து நாறியது. அப்பா அதைக்கூடக் கவனிக்கவில்லை. வந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செருப்பைத் தேடினார்கள். பட்டப்பகலில் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக அடைத்தார் அப்பா.

“எவன்டா எழுதுனது? சொல்லு! குடும்பத்தயே உள்ள தள்ளப் பாக்குறியா?” என்று அப்பா அண்ணனை உலுக்கினார்.

அண்ணன் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தான். “நான் ஒம்பது பேர்கிட்டதான்பா கேட்டேன். பத்தாவது யாருன்னு எனக்குத் தெரியாது” என்றான். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மாமா மீசையில்லாமல் வந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

தெருவில் எந்த வண்டி நின்றாலும் எனக்கு உயிர் போய்விட்டு வந்தது. உடுப்பு வாங்க வந்த ஒரு மாத்தா, வழக்கமாக என் கன்னத்தைக் கிள்ளும் போலீஸ்காரர்தான், என்னைப் பார்த்து அன்றைக்கும் சிரித்தார். நான் ஓடிப்போய்த் துணி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

புதன்கிழமை காலையில் துப்பறியும் ஆள் வந்தார். சாதாரணச் சட்டை, சாதாரண சைக்கிள். ரேடியோக்காரர்கள் அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டார்களாம், அதனால் கையெழுத்து பார்க்க வழியில்லை என்று அவரே அப்பாவிடம் சொன்னார். பிறகு சித்தியைக் கூப்பிட்டார்.

“ஒன் புருஷன்கிட்டேருந்து ஏதாச்சும் சேதி வந்துச்சாம்மா?”

“இல்லீங்க” என்றாள் சித்தி, தலையைக் குனிந்தபடி.

கார்டுக்கு ஆள் சேர்த்தவன் என்று அவர் அண்ணனை ஸ்டேஷனுக்கு அழைத்துக்கொண்டு போனார். நான் புத்தகப் பையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணே, நான்தான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. நான் கோழை. அதை இன்றைக்கும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

பள்ளியில் அன்று ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. திரும்பி வந்தபோது அண்ணன் அடுப்படியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். அடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் பிசைந்த சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி தட்டிலேயே விழுந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. பின்கட்டுக்கு, சித்தியிடம் ஓடினேன்.

சித்தி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தலையில் பூ. மூன்று வருஷமாக அவள் பூ வைத்து நான் பார்த்ததில்லை. அதைவிட ஆச்சரியம், வாய்க்குள் அந்தச் சைக்கிள் மணிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கிட்டே கூப்பிட்டாள்.

“இந்தப் படம் எப்ப வந்துச்சு பாப்பா?”

“போன தீபாவளிக்கு, சித்தி.”

“அப்ப சித்தப்பா போயி ரொம்ப நாளுக்கு அப்புறந்தான் இந்தப் பாட்டே வந்துருக்கு. இல்ல?”

நான் ஆமாம் என்றேன். “அப்ப எங்கயோ இருந்து இதக் கேட்டுருக்காரு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் சிரித்தாள். அவள் சந்தோஷமாக இருக்கும்போதே சொல்லிவிடலாம் என்று எனக்குத் துணிச்சல் வந்தது.

“சித்தி, அந்தக் கார்ட நான்தான் எழுதுனேன்.”

அவள் கையில் இருந்த ஈரச் சட்டை அப்படியே நின்றது. நான் அழுதுகொண்டே, பெட்டியில் பார்த்த பத்திரிகை, பந்தயம், மீசை என்று எல்லாவற்றையும் கொட்டத் தொடங்கினேன். கஞ்சி படிந்த குளிர்ந்த கையால் என் வாயை இறுகப் பொத்தினாள்.

“நீ எழுதல.”

“இல்ல சித்தி, நெசமா...”

“நீ எழுதல பாப்பா. எழுதலன்னு சொல்லு.”

“நான் எழுதல.”

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன். அவள் கையை எடுத்துவிட்டு என் முகத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு திரும்பி நின்று அந்தச் சட்டையை உதறிக் கொடியில் போட்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டை மறுபடி முணுமுணுத்தாள். குரல் மட்டும் கொஞ்சம் பிசிறியது.

எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது. போலீஸிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் சித்தி என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து அன்றைக்குத்தான் பசியெடுத்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பின்கட்டில் நின்று அவள் என்னிடமிருந்து யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்பது அந்தப் பத்து வயதில் எனக்கு எங்கே விளங்கப் போகிறது.