பொறுமைக்குப் பேர்போனவர்

எனக்கு வாய் நீளம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஊரே சொன்னதுதான். செங்கல்பட்டு பஜாரில் அத்தா வளையல் கடை வைத்திருந்தார். பேரம் பேசியே வளர்ந்த குடும்பம். "இவ வாய்க்குத் தீனி போடுற உத்தியோகம் ஒண்ணு எங்கயாவது இருக்கணும்" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அல்லாவின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. நாள் முழுக்கப் பேசும் வேலைதான், ஆனால் அதில் ஒரு சொல்கூட நம்முடைய சொல்லாக இருக்கக் கூடாது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது புரியாது. அப்போது யாராவது போனைக் கையில் எடுத்தால், எக்ஸ்சேஞ்சில் எங்கள் முன்னால் இருக்கும் பலகையில் சின்ன விளக்கு ஒன்று எரியும். அதற்கு நேரே கார்டு என்கிற முனை வைத்த வயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, கேட்ட நம்பருக்கு லைன் போட்டுத் தர வேண்டும். வெளியூர் என்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மெட்ராஸ் லைன் கிடைக்காவிட்டால் குற்றவாளி நாங்கள். கடற்காற்று பலமாக அடித்தால் மாமல்லபுரம் லைன் கரகரக்கும், அதற்கும் குற்றவாளி நாங்கள்தான்.

"இன்னாம்மா, தூங்கினுகீறியா? எம்மாம் நேரமா உக்காந்துகினுகீறேன்! மாமியா வூட்டு விருந்துக்கா வந்துகீற?"

இது மரியாதையான வகை. மற்றதை எழுத முடியாது. எவ்வளவு திட்டினாலும் நாங்கள் சொல்ல வேண்டியது, "ப்ளீஸ் வெயிட்." நான் அப்படியா இருப்பேன்? "கத்தினா லைன் வந்துருமா, சார்?" என்று கேட்டுவிடுவேன். உடனே சூப்பர்வைசருக்குப் புகார் போகும், எனக்கு மெமோ வரும். மெமோ வாங்கி வாங்கி எனக்கு மரத்துப்போயிருந்தது.

எக்ஸ்சேஞ்சின் பின்கட்டில், குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், விரிசல் விட்ட பழைய மண்பானை ஒன்று கிடந்தது. யார் ஆரம்பித்து வைத்ததோ தெரியாது. நன்றாகத் திட்டு வாங்கிய ஆபரேட்டர், பக்கத்தில் இருப்பவளிடம் தன் பலகையை ஒப்படைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போவாள். பானைக்குள் வாயை வைத்து, "பேமானி! கஸ்மாலம்! உன் வாயில மண்ணு விழ!" என்று ஆசை தீரக் கத்துவாள். மேலே தட்டைப் போட்டு மூடிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "நம்பர் ப்ளீஸ்" என்பாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்தப் பானை இல்லையென்றால் எங்களில் பாதிப் பேர் வேலையை விட்டிருப்போம்.

அந்தப் பானைப் பக்கமே போகாதவர் ஒருவர்தான் இருந்தார், எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்த அக்கா.

அக்கா சதுரங்கப்பட்டினத்துப் பக்கம். அவர் அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டு இவரைப் படிக்க வைத்தவர். வீட்டுக்காரர் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள். அந்தத் தெருவிலேயே அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அக்காதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு உடுத்துகிற மாதிரி அத்தனை சுத்தமாக உடுத்திக்கொண்டு தினமும் பஸ் பிடித்து வருவார். எவன் என்ன கத்தினாலும் அவர் குரல் ஏறாது. யார் லீவு போட்டாலும் அந்த டியூட்டி அவர் தலையில்தான் விழும். "பரவால்லம்மா, நான் பாத்துக்கிறேன்" என்பார். "அவங்களப் பாத்துக் கத்துக்கம்மா, பொறுமைன்னா அது பொறுமை" என்று சூப்பர்வைசர் எனக்கு உபதேசம் செய்யாத வாரமே கிடையாது. சூப்பர்வைசரும் நல்ல மனுஷர்தான், மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர், அவ்வளவுதான்.

அந்த அக்கா ஒருநாள் காலையில் நின்றுபோனார்.

கூட்ட நேரம். அவர் பலகை முழுக்க விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையில் மாட்டியிருந்த காதுக் கருவியிலிருந்து யாரோ கத்துவது எனக்கே கேட்டது. "அக்கா, அக்கா!" என்று தோளைத் தொட்டேன். "கை தூக்க வரலம்மா" என்றார், அவ்வளவு மெதுவாக. யா அல்லா! அவர் பலகையையும் என் பலகையையும் சேர்த்து நானே பார்த்தேன். இன்னொருத்தி அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தம் கொஞ்சம் கம்மி, வேறொன்றும் இல்லை, ஓய்வு எடுத்தால் சரியாகும் என்றார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை நான் கூடப் போனேன். பஸ் ஏறும் முன் அக்கா சொன்னார், "இந்த லீவு முடிஞ்சா நான் திரும்பி வரலம்மா. என்னால ஆவாது. அம்மா மாதிரி நானும் நாத்து நடப் போறேன். நாத்து திட்டாது." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. அந்தச் சம்பளம் இல்லையென்றால் மகளின் படிப்பு நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தாவிடம் சொல்லிவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். அக்கா வீட்டில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிடாமல் பேச விடவில்லை. சாப்பிட்டதும் இரண்டு பேரும் அந்த ஊரின் இடிந்த டச்சுக் கோட்டைச் சுவரைத் தாண்டிக் கடற்கரைக்கு நடந்தோம். மீன்காரர்கள் வலை காயப்போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தோம்.

"வூட்லயும் எனக்கு அதே ரோதனதாம்மா" என்றார் அக்கா. "எம்பொண்ணு 'அம்மா'ன்னு கூப்புட்டா, 'நம்பர் ப்ளீஸ்'ங்கிறேன். அவ சிரிக்கிறா. எனக்கு சிரிப்பு வரல. அவ கூப்புடுறதே இன்னொரு லைன் மாதிரி எரிச்சலா கீது. பெத்த பொண்ணும்மா, அவகிட்ட போயி எரிச்சல் வரலாமா?"

எனக்குத்தான் வாய் நிற்காதே. "எல்லாத்தையும் உள்ளயே போட்டுப் பூட்டி வெச்சா இப்பிடித்தான் ஆவும்! ஒரு தடவையாவது அந்தப் பானையில கத்தித் தொலைச்சிருக்கலாம்ல? என்னாத்துக்குக்கா இவ்ளோ பொறுமை? யாரு கேட்டா உன் பொறுமைய?" என்று கடல் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டே சொன்னார்.

"நீ கோவப்பட்டா, 'கோவக்காரப் பொண்ணு'ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. நான் கோவப்பட்டா இன்னா சொல்லுவாங்க தெரியுமா? 'இவங்கள எல்லாம் உள்ள வுட்டதே தப்பு'ம்பாங்க. உன் கோவம் உன்னோட போயிரும். என்னுது எங்க தெரு சனத்துக்கே பேரா வந்துரும். எனக்குப் பின்னாடி வர்ற பொண்ணுக்கும் சேத்துதான் நான் வாய மூடிக்கினு கீறேன்."

என் நீளமான வாய் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மூடிக்கொண்டது. இத்தனை நாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் எனக்கு இது தோன்றவில்லையே! அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். உழைத்துக் காய்த்த அவர் கையில் மணல் ஒட்டியிருந்தது.

"நீ வா அக்கா. எவனாவது வாய்க்கு வந்தபடி பேசினா என் கையத் தொடு. அந்த லைன நான் எடுத்துக்கிறேன். எனக்குத்தான் மெமோ பழக்கமாச்சே" என்றேன்.

"நல்லா சொன்ன போ. எல்லாத்தையும் நீயே வாங்கிக்கினா, கொஞ்ச நாள்ல நீயும் என்னாட்டம் கை தூக்க முடியாம உக்காந்துருவ. அப்ப உன்ன யாரு பாக்கறது? வாங்குறதுன்னா எல்லாரும் பங்கு போட்டு வாங்கணும்."

அவர் வாயிலிருந்து "எல்லாரும் வாங்கணும்" என்று வந்ததுமே எனக்கு உயிர் வந்துவிட்டது. அப்படியென்றால் வருகிறார்! சூட்டோடு சூடாக இன்னொன்றும் கேட்டேன். இனி யார் டியூட்டியையும் இழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. "எங்க, 'முடியாது'ன்னு சொல்லு பாப்போம்."

"முடியாதுங்க, மன்னிச்சிக்கோங்க."

"மன்னிச்சிக்கோங்கவ எடு!"

"முடியாதுங்க."

"அந்த 'ங்க'வையும் எடு!"

"அடிப் போடி, அதெல்லாம் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

லீவு முடிந்து அக்கா வந்தார். அதற்குள் நான் எல்லாரிடமும் பேசியிருந்தேன். புதிதாக ஒன்றும் இல்லை. திட்டு வாங்கியவள் பக்கத்தில் இருப்பவளின் கையைத் தொட்டால் போதும், அவள் இரண்டு பலகையையும் பார்த்துக்கொள்வாள், இவள் எழுந்து முற்றத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவாள். சாப்பிடும்போது யாரும் யாரிடமும் வேலைப் பேச்சு பேசக் கூடாது. சூப்பர்வைசரிடம் சொன்னபோது, "ரூல்ல இப்பிடியெல்லாம் கெடையாதேம்மா" என்றார். தடுக்கவும் இல்லை, கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். அக்கா கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தார். மகளுக்குத் தலை பின்னிவிட இப்போது நேரம் கிடைக்கிறது என்று ஒருநாள் அவராகவே சொன்னார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனாலும், ஒரே ஒரு மெமோ வந்தால் இவர் மறுபடி நாற்று நடப் போய்விடுவாரோ என்று உள்ளூர ஒரு பயம் இருந்துகொண்டேதான் இருந்தது.

ஒருநாள் நெல் மண்டிக்காரர் ஒருவரின் லைன் அக்காவின் பலகையில் வந்தது. மெட்ராஸுக்குப் பதிவு செய்த டிரங்க் கால் கிடைக்கவில்லை. அவர் கத்தலில் எனக்கே காது கூசியது. அக்கா என் கையைத் தொடுவார் என்று காத்திருந்தேன். தொடவில்லை. அந்த ஆள் அக்காவைப் பெற்றவளை இழுத்து ஏதோ சொன்னார்.

"ஐயா" என்றார் அக்கா. குரல் ஏறவில்லை, நடுங்கத்தான் செய்தது. "எங்க அம்மாவப் பத்திப் பேசாதீங்க. கோவம் போனப்புறம் கூப்பிடுங்க. லைன் போட்டுத் தரேன்." சொல்லிவிட்டுக் கார்டை உருவிவிட்டார்.

நாங்கள் எல்லாரும் அக்கா பக்கம் திரும்பினோம். கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் அறையில் மணி அடித்தது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். யாரையும் எதையும் விசாரிக்காமல் நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"நீதானம்மா? மண்டிக்காரர் லைன கட் பண்ணது?"

எனக்கு அப்படியொரு நிம்மதி. நல்லவேளை, என்மேல்தான் சந்தேகம். "ஆமா சார்" என்றேன்.

அக்கா காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"அவ இல்ல சார். நான்தான்."

சூப்பர்வைசருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களா? ஏம்மா, மறுபடி ஒடம்பு ஏதும் சரியில்லையா?"

"இல்ல சார். இப்பதான் சரியாயிருக்கு."

"மெமோ குடுக்கணுமேம்மா" என்றார் பரிதாபமாக.

"குடுங்க சார், வாங்கிக்கிறேன். நாளைக்கும் வேலைக்கு வருவேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு அறைக்குள் போனார். அக்கா உட்கார்ந்து காதுக் கருவியை மாட்டிக்கொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நான்தான் ஏத்துக்கினேன்ல? எதுக்குக்கா நடுவுல வந்த?" என்று சண்டை பிடித்தேன்.

அக்கா அடுத்த விளக்குக்குக் கார்டைச் செருகிக்கொண்டே சொன்னார், "உங்கிட்டதான் மெமோ நெறய கீதே. இது ஒண்ணு என்னுது. இத உனக்குத் தர மாட்டேன்."