சிங்கப்பூரில் குடை விற்ற பேச்சியம்மாள்

ஆமாம், விற்றாள். சிங்கப்பூர் நடைபாதையில் துண்டை விரித்துக் குடை விற்றாள். அதில் என்ன குறைந்துபோயிற்று என்று கேட்கிறேன். குழாயடியில் பக்கத்து வீட்டுச் சீதா என்னை நிறுத்திவைத்து, "இன்னா ஆயா, உன் மருமவ கப்பல் ஏறிப் போயி தெருவுல குந்திக்கினு கொடை வித்தாளாமே, மெய்தானா?" என்றாள். "வித்தா. நீ அங்க நின்னுருந்தா நீயும் ஒண்ணு வாங்கியிருப்ப" என்றேன். இதை ஊர் ஆயிரம் விதமாகத் திரிக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து சொல்கிறேன், எழுதுகிறவர்கள் உள்ளது உள்ளபடி எழுதட்டும்.

பேச்சியம்மாள் என் இளைய மகன் பொன்ராஜின் பெண்டாட்டி. எங்களுக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம். இங்கே ரங்கநாதன் தெருவில் ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரக்கடை. எல்லோரும் பித்தளையைக் கொடுத்துவிட்டு எவர்சில்வர் வாங்கிய வருஷங்கள் அவை. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டம் அப்படியே அக்கம்பக்கத்துக் கடைகளில் போய் நிரம்பும். எங்கள் கடை மட்டும் படுத்துக்கிடந்தது. காரணம் என் மகன்தான், பெற்றவள் நானே சொல்கிறேன். பழைய பித்தளையோடு வருகிற பெண் கொஞ்சம் கண் கலங்கினால், இரக்கப்பட்டுக் கூடுதலாகக் கொடுத்துவிடுவான். கெட்டிக்காரி ஒருத்தி அதட்டினால், பயந்துபோய்க் கூடுதலாகக் கொடுத்துவிடுவான்.

மூத்தவன் மாணிக்கவாசகம் அரிசி மண்டி நடத்தி, அசோக் நகரில் வீடு கட்டியவன். தம்பி கடைக்கு முதல் போட்டவனும் அவன்தான். "சிங்கப்பூர் போய்ட்டு வாங்க. வந்ததும் கடைய எடுத்துரலாம். தம்பி நம்ம மண்டியில வந்து உக்காரட்டும்" என்று, அவர்கள் பேச்சியம்மாளின் அண்ணனைப் பார்க்கக் கிளம்புகிற சமயத்தில் முடிவாகச் சொல்லிவிட்டான். பொன்ராஜ் தலையாட்டினான். பேச்சியம்மாள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று குழம்பில் உப்பே இல்லை.

அவள் கடைக்குள் கால் வைப்பது வருஷத்தில் ஒரே நாள், ஆயுத பூஜையன்று. எங்கள் ஆட்களில் அப்படித்தான். பெண்கள் சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்புவோம், கடைப்பக்கம் தலைகாட்ட மாட்டோம்.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் அவள் அண்ணன் சண்முகசுந்தரம் வேலை பார்த்தான். கப்பல் டிக்கெட் அவன் எடுத்துக் கொடுத்தது. ஊர் திரும்புவதற்கு முன்னால், "பிடிச்சதை வாங்கிக்கம்மா" என்று தங்கை கையில் பணமும் கொடுத்தான். அவள் அதை அப்படியே புருஷன் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் காலையில் கடைகள் பலகை எடுத்துத் திறக்கிற நேரத்துக்கே கிளம்பிவிட்டார்கள். அதுதான் வினையாகிவிட்டது.

கடை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு அன்றைய முதல் விற்பனை, அதாவது போணி, பெரிய விஷயம். முதலில் வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால் அன்றைக்குக் கடை விளங்காது என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். பொன்ராஜ் வாங்கப் போன இடத்திலும் கடைக்காரனாகவே இருந்தான். தேக்கா மார்க்கெட் பக்கம் ஒரு தமிழ்க் கடைக்குள் நுழைந்து, "போணி ஆச்சா?" என்றான். "இல்லண்ணே, நீங்கதான் முதல்" என்றார் கடைக்காரர். உடனே ஒரு பிளாஸ்க், விலைகூடப் பேசவில்லை. அடுத்த கடையில் ஓர் எலிப்பொறி. சீனர் கடையில் கேட்பதற்குப் பாஷை தெரியாது. ஆள் இல்லாமல் இருந்தால் போணி ஆகவில்லை என்று அவனே தீர்மானித்துவிடுவான். பிளாஸ்டிக் ரோஜா ஒரு கொத்து. வீட்டில் எவர் காலுக்கும் சேராத செருப்பு. கடைசியில் ஒரு சீனக் கிழவரிடம் ஒரு குடையைத் தொட்டுக் காட்டினான். அவர் ஒரு கட்டுக் குடையையே காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. மிச்சப் பணம் அத்தனையும் அங்கே போயிற்று.

பேச்சியம்மாள் அவன் பின்னாலேயே போனாலும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். மீன் அறுத்து நிறுத்துக் கொடுக்கிற சீனத்தி. துணி அளக்கிற மலாய்க்காரி. ஒரு காய்கறிக் கடையில் புருஷன் கூடை இறக்கினான், பெண்டாட்டி பேரம் பேசிக் காசு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

குடைக்கட்டைப் பார்த்ததும்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஒத்தக் கொடை கேட்டீங்க, ஒரு கட்டு குடுத்திருக்கான். திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

"போணியத் திருப்பிக் குடுக்கலாமா, பேச்சி? நம்ம கடையில ஒருத்தி அப்பிடிச் செஞ்சா நமக்கு எப்பிடி இருக்கும்?"

"நமக்குத்தான் கடையே இல்லையே இனிமே."

இதைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்து, ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டதாம் அவளுக்கு.

அந்நேரம் மழை பிடித்துக்கொண்டது. அங்கே கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு. ஆபீஸ் போகிறவர்கள் எல்லாம் அதில் வந்து ஒண்டினார்கள். பேச்சியம்மாள் அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்தாள். குடைக்கட்டைப் பிரித்தாள். ஒரு குடையை விரித்துத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு சீனப் பெண் வந்து விரலைக் காட்டி விலை கேட்டாள். இவளும் விரலைக் காட்டினாள். அந்தப் பெண் இரண்டு விரலை மடக்கினாள். பேச்சியம்மாள் குடையைச் சுருக்கிவிட்டு, மழையைப் பார்த்துக் கையை நீட்டினாள். அந்தப் பெண் சிரித்துவிட்டுக் கேட்ட விலையைக் கொடுத்தாள். பிறகு சுற்றிக் கூட்டம். நடுவில் ஒரு கிழவி வந்து நிற்க, பொன்ராஜ் ஒரு குடையைச் சும்மாவே நீட்டப் போனான்.

"நீங்க பேசாதீங்க. அடுத்ததை எடுத்துக் குடுங்க" என்றாள் இவள். கிழவியிடம் ஒரு விரல் குறைத்துத் தானே கொடுத்தாள். அவன் இரக்கத்தை அவள் தள்ளிவிடவில்லை, அளவு மட்டும் அவள் வைத்துக்கொண்டாள். அவனும் சும்மா நிற்கவில்லை. ஒவ்வொரு குடையையும் விரித்துக் கம்பி பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தான். கம்பி முறிந்ததை ஓரமாக வைத்துவிட்டான். மழை விடுவதற்குள் துண்டு காலி.

இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் என் மகன்தான், பெருமை தாங்காமல். கேட்டவர்கள் அதைக் கேவலமாக்கிவிட்டார்கள்.

அவர்கள் ஊர் திரும்பிய வாரம், ஞாயிற்றுக்கிழமை, அதுவரை தன்னிடம் இருந்த கடைச் சாவியோடு மூத்தவன் வந்தான். புருஷனின் அண்ணன் முன்னால் எங்கள் வீட்டு மருமகள்கள் நேராகப் பேசுவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

"அத்தை, கடைய எடுக்க வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்னு பெரியத்தான்ட்ட சொல்லுங்க."

அவனும் என்னைப் பார்த்தே பேசினான். "நல்லா இருக்கும்மா! ஏற்கெனவே இவ சிங்கப்பூர்ல தெருவுல உக்காந்தாள்னு ஊர்ல அவனவன் சிரிக்கான். இனி கல்லாவுலயும் உக்காந்தா நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"சொல்லுதவன நான் பாத்துக்கிடுதேன். நீ அவ கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றேன்.

பேச்சியம்மாள் கதவை விட்டு வெளியே வந்துவிட்டாள். "வாங்க வாரது பூராவும் பொம்பள. சட்டிக்கு அடி கனமா இருக்கா, வீட்ல இருக்கவங்களுக்குச் சோறு கொள்ளுமான்னு பாத்து வாங்குதவ அவ. விக்கதுக்கு மட்டும் ஆம்பளதான் வேணுமா, பெரியத்தான்?"

மாணிக்கவாசகம் அவள் குரலை நேருக்கு நேர் கேட்டது அன்றைக்குத்தான். தம்பி பக்கம் திரும்பினான். "நீ என்னலே சொல்லுத?"

பொன்ராஜ் தரையைப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தே சொன்னான். "அவ பேசட்டும்ணே. நான் எடுத்துக் குடுக்கேன்."

மூத்தவன் நான் கொடுத்த காபியைக் குடித்தான். போகும்போது கொண்டுவந்த சாவியை அங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை அவள் நீலச் சுங்குடிச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, சாமி கும்பிட்டு வாசலுக்கு வந்தாள். குழாயடியில் அத்தனை குடமும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, ஒருத்தியும் நகரவில்லை.

"இன்னா பேச்சி, காலீலயே புருசன் கூட எங்க கெளம்பிட்ட?" என்றாள் சீதா.

"நான் கடைக்குப் போறேன்க்கா. அவரு கூட வாராரு."

சொல்லிவிட்டு வாசற்படியில் இறங்கினாள்.