கரையில் நின்றவர்கள்

கால்வாயில் தண்ணீர் திறந்துவிடுவதுதான் என் வேலை. லஸ்கர் என்பார்கள். மதகு ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, கரையோடு நடந்து உடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வருகிற விவசாயிகளிடம் ஏச்சு வாங்குவது. இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. ஊரில் எனக்குக் கோபக்காரன் என்று பெயர். பயந்தவனுக்குத்தான் அத்தனை கோபம் வரும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? யாராவது உள்ளே இருக்கும்போது ஷட்டரைத் தூக்கிவிடுவேனோ என்கிற பயம் எனக்கு என்றைக்கும் உண்டு. அதனால் ஷட்டர் சக்கரத்தில் கை வைக்கும் முன் மூன்று தடவை விசில் ஊதுவேன். கரையில் நடந்து கத்துவேன். எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று பார்ப்பேன். ஒருநாள்கூட இதில் தவறியதில்லை. அப்படியிருந்தும் என் சொந்தப் பிள்ளையின் மேலேயே தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. பிறந்தபோது ஆண் என்றார்கள். ஆண் என்றே எழுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். இப்போது ‘அவள்’ என்று எழுத எனக்குக் கை வருகிறது. நான் சொல்லப்போகிற ஜூன் மாதத்தில் அவளுக்குப் பதின்மூன்று வயது. அப்போதெல்லாம் ‘ஏலே’ என்றுதான் கூப்பிடுவேன். வேறு மாதிரியும் கூப்பிடலாம் என்று எவனாவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவனைப் பிடித்துக் கால்வாயில் தள்ளியிருப்பேன்.

கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட்டாலும் ஆற்றில் முங்காமல் எங்கள் ஆட்களுக்குக் குளித்த மாதிரி இருக்காது. ஆண்களுக்கு ஒரு படித்துறை, பெண்களுக்கு ஒரு படித்துறை. சின்னப் பையன்கள் அம்மாவோடு பெண்கள் படித்துறைக்குப் போவார்கள். ஏழு வயது ஆனதும், “இன்னும் இங்கன என்னலே சோலி? ஒங்க அய்யாகூடப் போ” என்று அங்கிருக்கிற பெண்களே விரட்டிவிடுவார்கள். எல்லாப் பையன்களும் ஒருநாள் அழுவான்கள், மறுநாள் ஆண்கள் துறையில் குட்டிக்கரணம் அடிப்பான்கள். இவள் ஒரு மாதம் அழுதாள். நான் சிரித்தேன். “அம்மா சேலையவே பிடிச்சிட்டுத் திரிய முடியுமாலே?” என்று கையைப் பிடித்து ஆண்கள் துறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

நாலு வருஷம் அப்படி ஓடியது. துறையில் பையன்களெல்லாம் அவளைக் கேலி செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். பதினோரு வயதில் ஆற்றுக்கு வருவதையே விட்டுவிட்டாள். ஆனால் சாயங்காலம் ஈரத் தலையோடு வீட்டுக்கு வருவாள். கேட்டால் கூட்டாளி வீட்டுப் பம்புசெட் என்பாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒன்றும் தெரியாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவள் நடை எனக்குத் தெரிந்தது. அம்மாவின் வளையலைப் போட்டுப் பார்ப்பது தெரிந்தது. திருநெல்வேலிக்கு ரயிலில் போகும்போது திருநங்கைகள் பெட்டிக்குள் வந்தால் நான் சன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அவர்கள் முகத்தைப் பார்த்தால் என் பிள்ளை முகம் தெரிந்துவிடுமோ என்று அவ்வளவு பயம்.

அந்த ஜூன் மாதம் கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள் இருந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். வாழை போட்டிருந்த ஒரு அண்ணாச்சி காலையிலிருந்தே என் பின்னால் நின்று, “தெறந்து விடும்வே, வாழை பூராவும் வாடிக் கெடக்கு” என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். கால்வாயில் முழங்கால் அளவுதான் தண்ணீர். கீழே இருந்த சின்னப் பாலத்துக்கு அடியில் மட்டும் ஒரு குழி உண்டு, ஆள் முங்கலாம்.

மூன்று தடவை ஊதினேன். “தண்ணி வருதுவே! ஏறுங்க, ஏறுங்க!” என்று கத்திக்கொண்டே பாலம்வரை நடந்தேன். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் மாடுகளை ஓட்டிக்கொண்டு கரையேறினார்கள். ஏறியவர்கள் போகவில்லை. முதல் தண்ணீர் வருவதை வேடிக்கை பார்க்க எல்லாருக்கும் ஆசை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பாலத்தை ஒட்டி நின்றார்கள். நான் பாலத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். தண்ணீருக்குள் ஒரு சுடுகுஞ்சுகூட இல்லை. குனிந்து பாலத்துக்கு அடியில் பார்க்கவில்லை.

திரும்பிப் போய் சக்கரத்தைச் சுற்றினேன். தண்ணீர் சீறிக்கொண்டு போயிற்று. மாட்டுக்காரர்கள் ஆரவாரம் செய்துவிட்டுக் கிளம்பினார்கள். நான் சருகும் குப்பையும் அடைத்துக்கொள்ளாமல் நீளக் கம்பால் தள்ளிவிட்டபடி கரையில் நடந்தேன். பாலத்தைத் தாண்டியதும் கம்பில் ஒரு சட்டை சிக்கியது. நீலக் கட்டம் போட்டது. மேல் பொத்தான் தெறித்துப்போய் வெள்ளைப் பொத்தான் வைத்துத் தைத்திருந்தது. பொங்கலுக்கு நான் எடுத்துக்கொடுத்த சட்டை.

கம்பை வீசி எறிந்தேன். ஷட்டர் பக்கம் நின்ற அண்ணாச்சியைப் பார்த்து, “சக்கரத்தத் திருப்பிச் சுத்துங்க! எறக்குங்க! எம்பிள்ள உள்ள கெடக்கான்!” என்று கத்திவிட்டு உள்ளே குதித்தேன்.

பாலத்துக்கு அடியில் இருட்டில் தண்ணீர் என் நெஞ்சுக்கு வந்துவிட்டது. கல் இடுக்கில் விரல்களை மாட்டிக்கொண்டு, வாயை மட்டும் மேலே தூக்கிவைத்துக்கொண்டு அவள் தொங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்தும் கையை நீட்டவில்லை. நான் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். கால் வழுக்கி இரண்டு பேரும் உருண்டோம். எவ்வளவு தண்ணீர் குடித்தோம், எங்கே மோதினோம் ஒன்றும் நினைவில்லை. தண்ணீர் வேகம் குறைந்தபோது கோரைப் புல்லைப் பிடித்துக் கரையில் கிடந்தோம். அண்ணாச்சி ஷட்டரை இறக்கிவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

அப்போதுதான் கவனித்தேன். பெண்கள் குளிக்கும்போது கட்டுகிற மாதிரி, என் வீட்டுக்காரியின் சிவப்புப் பாவாடையை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டியிருந்தாள்.

அடுத்து நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. என் துண்டை எடுத்து அவள் மேல் போட்டு அந்தப் பாவாடையை மறைத்தேன். மூச்சு வருகிறதா என்று பார்க்கவில்லை. அண்ணாச்சியைக் கையெடுத்துக் கும்பிட்டு, “அண்ணாச்சி, வெளிய சொல்லிராதீய. ஒங்க காலுல விழுதேன்” என்றேன்.

“கூறு கெட்ட மனுசா, மொதல்ல பிள்ளைய ஒருச்சாச்சுப் படுக்கப் போடும்! தண்ணி வெளிய வரட்டும்!” என்று அவர் என்னைத் தள்ளிவிட்டு அவரே அவளைப் புரட்டினார். வாந்தி எடுத்தாள். இருமினாள். அழவில்லை. நான் கும்பிட்டுச் சொன்னதை அவள் கேட்டாள் என்பது அவள் கண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கால் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னேன். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரி அப்பளம் போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறாள். அதிர்ந்து பேசாதவள். அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், “அந்தப் பாவாடை எப்படிட்டீ அவன் கைக்கு வந்துச்சு?” என்று கையை ஓங்கினேன்.

“நாந்தான் குடுத்தேன்” என்றாள். கையைப் பார்த்துக்கூட அவள் ஒதுங்கவில்லை. “பிள்ள ரெண்டு வருசமா எங்கிட்ட அழுவுது. ஒங்ககிட்டச் சொல்லவா முடியும்? சாமி வந்த மாதிரில்லா ஆடுவீய.”

ஓங்கிய கையை இறக்கினேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் பிள்ளையைப் பார்த்தபடியே கிடந்தேன். கிணற்றுப் பக்கம் போனால் பின்னாலேயே போவேன். அறைக் கதவைச் சாத்தினால் தட்டுவேன். ஷட்டர் வேலைக்கு வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். ஒரே ஒரு கேள்வி உள்ளேயே கிடந்தது. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். கடைசியில் ஒரு காலையில் அவள் இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன்.

“விசில் கேக்கலியா ஒனக்கு?”

“கேட்டுச்சு.”

“மூணு தடவையும்?”

“மூணு தடவையும் கேட்டுச்சுப்பா.”

“பொறவு ஏன் ஏறி வரல?”

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “மேல நீங்க நின்னீயல்லா.”

அய்யோ, நான் பெற்ற பிள்ளை. மேலே ஆண்கள் நின்றார்கள், அவர்களில் நானும் ஒருவன். தண்ணீர் வருகிறது என்று தெரிந்தே, அந்தக் கோலத்தில் என் கண்ணில் படுவதைவிட உள்ளேயே கிடந்துவிடலாம் என்று பதின்மூன்று வயதில் முடிவு செய்திருக்கிறாள். இருபது வருஷம் தண்ணீரைக் கண்டு பயந்த நான், என் பிள்ளை என்னைக் கண்டு அதைவிடப் பயப்படுகிறாள் என்று அறியாமல் இருந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த பயம் மாதிரி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன். அவள் பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டாள்.

பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் மூன்று பேரும் போனோம். உள்ளுக்குள் எனக்கு இன்னும் நப்பாசைதான். ஏதாவது ஊசி போட்டு மாற்றிவிட மாட்டார்களா என்று. டாக்டரம்மா முதலில் பிள்ளையோடு மட்டும் ரொம்ப நேரம் பேசினார்கள். பிறகு எங்களை அழைத்தார்கள்.

“இது நோய் இல்லைங்க. அடிச்சோ, மருந்து குடுத்தோ, கோயில் கோயிலா இழுத்துட்டுப் போயோ மாத்துற விஷயமும் இல்ல. பிள்ளை தன்னைப் பொண்ணாத்தான் உணருது. உடம்பு பத்தின பேச்சுக்கெல்லாம் அவசரமே இல்ல, பையப் பைய பேசிக்கலாம். இப்ப வீட்டுல பயம் இல்லாம இருக்கணும், படிப்பு நிக்கக் கூடாது. ‘உன்னை எப்படிக் கூப்பிடணும்’னு பிள்ளைகிட்ட என்னைக்காவது கேட்டீங்களா?”

கேட்டதில்லை. வருகிற வழியில் பஸ்ஸில் கேட்டேன். வெகுநாளாக வைத்திருந்த பெயர் போல, யோசிக்காமல் சொன்னாள். அது அவளுடையது, இங்கே எழுத மாட்டேன். வீட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினோம். முதல் நாட்களில் எனக்கு நாக்குத் தடுமாறியது. பள்ளிக்கூடத்தை நினைத்தால் பயமாக இருந்தது. சொந்தக்காரர்களை நினைத்தால் இன்னும் பயம்தான்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரி துணிகளை வாளியில் அள்ளிக்கொண்டு, “இவள ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

“எந்தத் துறைக்கு?”

“நான் எந்தத் துறைக்குப் போவேன்?”

“ஊரு என்ன சொல்லும்ட்டீ? அங்கன இருக்கவளுவ விரட்டி விட்டா?”

“விரட்டுனா வந்திருதோம். நாலு பேருகிட்டக் கேட்டுட்டேன். ரெண்டு பேரு வரச் சொன்னாவ, ரெண்டு பேரு வாயே தெறக்கல. அந்தப் பாலத்துக்கடியில போயி ஒளிஞ்சி குளிக்கதுக்கு இது எவ்வளவோ தேவல” என்று செருப்பை மாட்டினாள்.

நான் அங்கே இறங்க முடியாது. மேலே ரோட்டில் நின்றேன். கீழே துணி துவைக்கிற சத்தமும் பேச்சும் கேட்டுக்கொண்டிருந்தன. அவர்கள் இறங்கியதும் எல்லாம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி மட்டும் பாதி துவைத்த துணியோடு மேலே ஏறி, என்னைப் பார்க்காமல் போனாள். பிறகு கீழே ஒரு துணி கல்லில் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று.

அந்த நேரம் பார்த்து அதே வாழைக்கார அண்ணாச்சி மொபெட்டில் வந்தார். பின்னால் உரக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வண்டி நின்றது.

“என்னவே, பொம்பளையாளுவ குளிக்க எடத்துல நிக்கீரு?” என்று உரக்கடைக்காரர் சிரித்தார்.

நான் வாயைத் திறக்கும் முன் அண்ணாச்சி முந்திக்கொண்டார். “ஆத்துல தண்ணி எம்புட்டுப் போகுதுன்னு பாக்க வந்திருப்பாரு. அவரு சோலி அதுதான” என்றார். என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைக் காட்டினார். நான் கும்பிட்டுக் கேட்டதை மூன்று மாதமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் அந்த நல்ல மனுசன். ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டி போய்விடும்.

ரோட்டோரச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“இல்ல அண்ணாச்சி. எம்மக குளிக்கா. அவளுக்குக் காவலா நிக்கேன்.”

உரக்கடைக்காரருக்கு முகம் மாறிற்று. எனக்கு ஒரு பிள்ளைதான், அதுவும் பையன் என்றுதான் அவருக்குத் தெரியும். அண்ணாச்சி வண்டியை எடுத்தார். இனி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கீழே குளித்துக்கொண்டிருந்தவளுக்கும் கேட்கட்டும் என்றுதான் அத்தனை சத்தமாகச் சொன்னேன்.