வெள்ளிக்கிழமை வாய்தா

எம்.பி. வீட்டில் போன் எடுப்பதென்றால் இரண்டு காதையும் தொகுதிக்கு வாடகைக்கு விட்ட மாதிரி. சிரிக்க ஒன்று வைத்திருக்கிறேன், ஆனால் உடனே தரமாட்டேன். போன் மணி கேட்டாலே பல்லைக் கடிக்கும் என் இனத்தாரே, முதலில் என் எரிச்சலில் பங்கெடுங்கள்.

கேஸ் கட்டு

எங்கள் எம்.பி. பதவிக்கு வரும் முன் சேலம் கோர்ட்டில் வக்கீல். டெல்லிக்குப் போன பிறகும் ஏற்காட்டுக்கு அவர் வக்கீலய்யாதான். பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை போன் எடுக்க என்னை உட்கார வைத்தார்கள். ஓர் எஸ்டேட் ரைட்டர் மூச்சு விடாமல் வேலித் தகராறைக் கொட்டினார். "ஐயா இப்ப எம்.பி.ங்க, கேஸ் எடுக்கறதில்லீங்க" என்றேன்.

"அதுக்கென்ன கண்ணு, டெல்லியில சும்மாதானே உக்காந்திருக்காரு?"

தள்ளிவைப்பு

டெல்லியிலிருந்து ஊருக்கு வந்தாலும் ஐயாவுக்குக் கோர்ட் பழக்கம் விடவில்லை. யார் எதைக் கேட்டாலும், "வர்ற வெள்ளிக்கிழமை பார்ப்போம்" என்று வாய்தா போட்டுவிடுவார். மலைமேல் காப்பி பயிரிடும் பெரியண்ணன், தன் ஊருக்கு ஒரு போன் கேட்டு மனு கொடுத்திருந்தார். அங்கே யாருக்காவது வலி எடுத்தால், ஜீப்பைக் கூப்பிட ஓர் ஆள் ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்குக்கு ஓடிவர வேண்டும். அவர் மருமகளுக்கு மாசம் நெருங்கிவிட்டது. மனுவோ ஐயாவின் கையெழுத்துக்காக மேசையிலேயே கிடந்தது. இன்னொரு வெள்ளிக்கிழமையும் போனதும் பெரியண்ணன் என்னிடம் பாய்ந்தார்.

"ஏனுங்க, வவுத்துல இருக்கற புள்ளைக்கும் ஐயாவே வாய்தா வாங்கித் தருவாருங்களா?"

மை லார்ட்

ஐயா நடுங்குவது ஒரே ஒருத்தருக்குத்தான்: மெட்ராசிலிருக்கும் ஒரு ரிடையரான ஹைகோர்ட் ஜட்ஜ். அவர் போன் வந்தால் ஐயா நின்றுகொண்டுதான் பேசுவார். போனை எடுத்து எடுத்துக் கொடுத்ததில் ஜட்ஜ் குரலின் கரகரப்பு எனக்கு அத்துப்படி. மறுநாள் பெரியண்ணனைக் கூட்டிக்கொண்டு ஒண்டிக்கடை போன் பூத்தில் புகுந்து, அதே குரலில் ஐயாவைக் கூப்பிட்டேன்.

"மிஸ்டர்! அந்த மலை ஜனங்க போன் மனு என்னாச்சு?"

"மை லார்ட்! வர்ற வெள்ளிக்கிழமை..."

"நோ வாய்தா! கையெழுத்தைப் போட்டுட்டுப் பேசும்!"

அந்தப் பக்கம் காகிதம் சரசரத்தது. "போட்டுட்டேனுங்க மை லார்ட். ஆள் கையில குடுத்து தபாலுக்கும் அனுப்பிச்சாச்சுங்க."

பெரியண்ணன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, பூத்துக்கு வெளியே ஒரு கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினார்: "அடிவாரம், சேலம்! ஏறுங்க, ஏறுங்க!"

 ஐயா நிதானமாகக் கேட்டார்:

"ஏன்டா, மெட்ராஸ்ல ஜட்ஜ் ஊட்டு வாசல்ல அடிவாரம் பஸ்ஸு எப்படா நிக்குது?"

போட்ட கையெழுத்தை மறுக்க எந்த வக்கீலுக்கும் வாய் வராததால் பெரியண்ணன் ஊருக்குப் போன் வந்தது, எனக்குப் போன் எடுக்கிற வேலை போனது.