லாலோவின் கண்ணும் என் பூட்ஸும்

லாலோவின் மூக்கைப் பற்றி எங்கள் சொனோமா பக்கம் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பெனேட்டி குடும்பத்துத் திராட்சைத் தோட்டத்தில், ஒயின் பீப்பாய் அறைக்கு முப்பத்தொரு வருடமாக அவர்தான் பொறுப்பு. வாசனை சோப்புப் போட்டுக் குளித்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிற ஆள். என் அக்கா நெலிடாவின் புருஷன். நான் அங்கே டிராக்டர் ஓட்டுகிறவன், காலையில் பீப்பாய் அறையில் அவருக்குக் கையாள், பெயர் சிரீலோ.

பிப்ரவரியில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகிறபோது மூக்கையும் கொண்டு போய்விட்டது. அடுப்பில் சோள ரொட்டி கருகி நாறுகிறது, மனுஷன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறார். அக்கா ஓடி வந்து கத்திய பிறகுதான் எங்களுக்கே விஷயம் புரிந்தது.

"முதலாளியம்மாகிட்ட சொல்லிடுங்க மச்சான்" என்றேன்.

"சொல்லிட்டு? மூக்கு செத்தவனுக்கு பீப்பாய் அறையில என்னடா வேலை? இந்த வயசுல என்னை எவன்டா சேத்துப்பான்?"

அவர் பயமும் நியாயம்தான். தினமும் காலை ஏழு மணிக்கு முதலாளி அடலீனா அம்மாள் நின்று பார்க்க, ஒரு வரிசைப் பீப்பாய்களை லாலோ முகர்ந்து சொல்ல வேண்டும். அவர் 'தள்ளு' என்றால் அந்தப் பீப்பாய் கலவையில் சேராது. அது அந்த வீட்டில் தாத்தா காலத்து வழக்கம்.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்தோம். அடைப்பைப் பிடுங்குகிற சாக்கில் நான் முதலில் முகர்ந்துவிடுவேன். நன்றாக இருந்தால் பூட்ஸால் தரையில் ஒரு தட்டு. காடி வாடை அடித்தால் இரண்டு தட்டு. அவர் குனிந்து முகர்கிற மாதிரி நடித்துக்கொண்டே என் காலைப் பார்ப்பார். எட்டு மாதம்! ஒருநாள் கால் வழுக்கி இரண்டு தட்டாகிவிட்டால் ஒரு நல்ல பீப்பாய் அநியாயமாகப் போகுமே!

இந்த லட்சணத்தில் செப்டம்பரில் இங்க்ரிட் என்றொரு ஓவியக்காரி வந்து சேர்ந்தாள். வருடத்துக்கு ஒரு ஓவியரைப் பழைய குதிரை லாயத்தில் ஆறு வாரம் தங்கவைத்துச் சோறு போடுவார்கள். போகும்போது ஒரு படம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். முன்பு வந்தவர்களெல்லாம் மலையையும் திராட்சைக் கொடியையும் வரைந்து கொடுத்துவிட்டு நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இந்த மினசோட்டாக்காரிக்கு மலை வேண்டாமாம், வேலை செய்கிற மனிதர்கள்தான் வேண்டுமாம். தினம் ஏழு மணிக்குக் கரிக்குச்சியோடு பீப்பாய் அறை மூலையில் உட்கார்ந்துவிடுவாள். பேசவும் மாட்டாள், எழுந்து போகவும் மாட்டாள்.

ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை விருந்தில் படத்தைத் திறப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமையே எங்களைக் கூப்பிட்டு ஆசையாகக் காட்டினாள். லாலோ பீப்பாய் மேல் குனிந்திருக்கிறார், அச்சு அசல் அவரேதான். ஆனால் கண் அகலத் திறந்து ஓரமாகக் கீழே பார்க்கிறது. பார்க்கிற இடத்தில் என் பூட்ஸ், கம்பி போட்டுத் தைத்த முனையோடு, தட்டுவதற்குத் தூக்கினபடி இருக்கிறது.

லாலோ அவள் பக்கம் திரும்பினார். "கண்ணை மட்டும் மூடின மாதிரி மாத்திடும்மா" என்றார்.

"நீங்க ஒருநாளும் கண்ணை மூடலையே? முகர்ந்து பாக்கறவங்க எல்லாரும் மூடுவாங்க. நீங்க மூடாததாலதானே வரைஞ்சேன். ஏன் மாத்தணும்?"



"தாயே, நீ அந்த மலையையே வரைஞ்சு தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் பாவம், ஒன்றும் புரியாமல் படத்தைத் துணி போட்டு மூடினாள்.

ஞாயிறு விருந்தில் ஆட்டுக்கறி. லாலோ ஒரு வாய் வைக்கவில்லை. துணியை இழுத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அடலீனா அம்மாள் மட்டும் தட்டவில்லை. படத்துக்குக் கிட்டே போய் அந்தக் கண்ணைப் பார்த்தார், அது போகிற வழியைப் பார்த்தார். பிறகு திரும்பி மேசைக்கு அடியில் என் காலைப் பார்த்தார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், அதே பூட்ஸைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

"எப்பலேருந்து லாலோ?"

"பிப்ரவரிலேருந்தும்மா."

"ஏப்ரல்ல மூணு பீப்பாயைத் தள்ளச் சொன்னியே, அது யாரு சொன்னது?"

"இவன் காலு."

யாரோ சிரித்தார்கள். அம்மாள் சிரிக்கவில்லை. "முப்பத்தொரு வருஷமா கூடவே நிக்கிறே. எங்கிட்டச் சொல்ல உனக்கு மனசு வரலை, இல்ல? நாளைக்கு ஏழு மணிக்கு ரெண்டு பேரும் வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வேலை இருக்கிறதா போய்விட்டதா, ஒரு வார்த்தை இல்லை.

திங்கட்கிழமை அம்மாள் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். "அடைப்பை நீயே எடு லாலோ."

லாலோ எடுத்தார், குனிந்தார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் தெரியலைம்மா" என்றார். எட்டு மாதத்தில் என் அக்காவிடம்கூட அவர் வாய்விட்டு அப்படிச் சொன்னதில்லை.

"சரி. தட்டிப் பாத்து உள்ள ஒயின் எவ்வளவு கொறைஞ்சிருக்குன்னு சொல்லு. அதுக்கு மூக்கு வேண்டாமே."

லாலோ பீப்பாயின் வயிற்றில் விரல் முட்டியால் மெல்லத் தட்டி, காது வைத்துக் கேட்டார். "ரெண்டு வெரக்கடை."

"ஊத்தி நெரப்பு. நாளைக்கும் வந்துடு" என்ற அம்மாள் என் பக்கம் திரும்பினார். "சிரீலோ, நீ முகர்ந்து பாரு. பாத்துட்டு வாயைத் தொறந்து சொல்லு, காலை ஆட்டாதே."