குமுதா எழுதிய எஸ்

போன வாரம் டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லையென்று பின்மூடியைக் கழற்றினேன். பேட்டரி கசிந்து, ஸ்பிரிங்கின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். ஏன் என்று கேட்காதீர்கள். திரிந்த பாலிலிருந்து புதுச் செருப்பு வரைக்கும் எதையும் முகர்ந்து பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு. புளிப்பும் இரும்பும் கலந்த ஒரு வாடை. குமுதா ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை.

செங்கல்பட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. நிலம் அளந்து வரைபடம் போட்டுத் தருகிற தனியார் அலுவலகம். அரசாங்கத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர் நடத்தினார். எல்லோருக்கும் அவர் ‘சார்’தான். நான் படம் வரைகிறவள். கோடு நேராக வரும், கணக்கு வராது. கணக்குக்கு குமுதா இருந்தாள். அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். வேர்க்கடலை போடுகிற குடும்பம். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள், பி.எஸ்ஸி. கணிதம். தலையில் எப்போதும் டிசம்பர் பூவோ கனகாம்பரமோ இருக்கும். மதியச் சாப்பாட்டு டப்பாவில் கடலைத் துவையல் இல்லாத நாளே கிடையாது. அந்தத் துவையலுக்காகவே அவளோடு சிநேகமானேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. கடற்கரைச் சாலையோரம் நிலத்துக்குத் திடீரென்று மவுசு வந்திருந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சவுக்குத்தோப்பு வைத்திருந்தவர்கள், அதுவரை மாடு கட்டவும் விறகு வெட்டவும் மட்டுமே போய்வந்தவர்கள், தங்கள் நிலத்தின் மூலைக்கல் எங்கே என்று தேட ஆரம்பித்தார்கள். எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அப்போதுதான் சாரின் மருமகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு கால்குலேட்டர் கொண்டுவந்தார். பெரிய திரை, அடுக்கடுக்காகப் பொத்தான்கள். “இதுல எந்த சேனல் சார் வரும்?” என்று நான் கேட்டேன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன். சார் சிரித்த சிரிப்பு கீழே மருந்துக்கடை வரை கேட்டிருக்கும்.

குமுதா சிரிக்கவில்லை. அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மாலைக்குள் திரையில் ஒரு வளைகோட்டை வரவழைத்துவிட்டாள். “பாருக்கா, கடல் அல மாதிரியே கீது,” என்று காட்டினாள். படம் வரைவதோடு, நாம் எழுதிக் கொடுக்கிற கணக்கு முறையை அது ஞாபகம் வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் போட்டும் தரும். அதற்குப் பெயர் புரோகிராம் என்று அவளிடம்தான் தெரிந்துகொண்டேன்.

கோணலான நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளப்பது எங்கள் வழக்கம். மூன்று பக்கத்தின் நீளம் தெரிந்தால் பரப்பு வந்துவிடும். சுற்றளவில் பாதியை ‘எஸ்’ என்று வைத்துக்கொள்வோம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தாள். வருகிற விடைகளைக் காகிதத்தில் கூட்டிக்கொள்வோம். அந்தக் கூட்டலையும் மிஷினே செய்யட்டும் என்று ஒருநாள் காலை, பஸ்ஸில் வரும்போதே இன்னொரு பெரிய புரோகிராம் எழுதினாள். பெரியது சின்னதைக் கூப்பிடும், விடையை வாங்கிக் கூட்டிக்கொள்ளும். அன்றைக்கே அதை ஒரு சவுக்குத்தோப்புக்குக் கொண்டுபோனோம்.

முனுசாமி, ஏழுமலை என்று அண்ணன் தம்பி. அப்பன் விட்டுப்போன தோப்பைச் சரிபாதியாகப் பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். தம்பி பங்கை முந்தைய வாரம் பழைய முறையில் அளந்தாயிற்று. அன்று அண்ணன் பங்கு. சவுக்கு வெட்டி முடித்த நிலம். தரையெல்லாம் கூர்கூராக அடிக்கட்டைகள். உப்புக்காற்றில் டேப் நேராக நிற்காமல் படபடத்தது. குமுதா எண்களைத் தட்டினாள். திரையில் விடை வந்ததும், அவள் வாயைத் திறப்பதற்குள் சார் எட்டிப் பார்த்து உரக்கப் படித்துவிட்டார். தம்பிக்கு வந்ததில் கிட்டத்தட்டப் பாதிதான் அண்ணனுக்கு.

முனுசாமியின் முகம் மாறியது. “இன்னாடா, கல்ல நவுத்திட்டியா?”

“அண்ணாத்த, எம் புள்ள மேல சத்தியமா நான் தொடல.”

“பின்ன பாதி நெலம் எங்கடா பூட்ச்சி? கடல் இட்டுகினு போயிட்ச்சா?”

நெஞ்சில் கை வைத்து ஒரே தள்ளு. ஏழுமலை பின்னால் சாய்ந்து, கையை ஊன்றி விழுந்தான். ஊன்றிய இடத்தில் ஒரு அடிக்கட்டை. உள்ளங்கையில் குத்தி மறுபக்கம் வந்துவிட்டது. குமுதா, “நிறுத்துங்க! கணக்குதான் தப்பு, நெலம் சரியாத்தான் கீது!” என்று கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டிருந்தது.

ஆட்டோவில் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் தோப்பின் ஓரத்தில் போய், கடலைப் பார்த்தபடி குந்திக்கொண்டார். குமுதா மணலில் உட்கார்ந்து காகிதத்தில் கையாலேயே கணக்குப் போட்டாள். இரண்டு பங்கும் சமமாக வந்தது. அதைக் கேட்கிற நிலையில் அங்கே யாருமில்லை.

சாருக்குக் கோபம், கணக்கு தவறியதற்காக இல்லை. “தப்புன்னா என் காதுல வந்து சொல்லணும். பார்ட்டி முன்னாடி கத்துவாங்களா?” என்றார். அதற்குப் பிறகு குமுதாவை வெளி வேலைக்குக் கூட்டிப்போவதே இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஏழுமலையைப் பார்க்க அவள் போனபோது நானும் துணைக்குப் போனேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். மனைவி எங்களை உட்காரச் சொல்லி, “நீ இன்னாம்மா பண்ணுவ? மிஷினு தப்பா சொல்லிட்ச்சு,” என்றாள்.

“மிஷின் சொல்லலக்கா. நான் எழுதினதுதான் அது,” என்றாள் குமுதா. அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்தோம். அவன் விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டோம். அண்ணன் தம்பிக்குள் பேச்சும் நின்றுபோயிருந்தது.

என்ன தப்பு என்பதைக் கண்டுபிடித்து எனக்கும் விளக்கினாள். அந்த மிஷினில் ஓர் எழுத்துக்கு ஒரே இடம்தான். பெரிய புரோகிராமில், அதுவரை கூட்டிய மொத்தத்துக்கு அவள் எஸ் என்று பெயர் வைத்திருந்தாள். சின்னதிலும் பாதிச் சுற்றளவுக்கு எஸ். சின்னது உள்ளே வரும்போதெல்லாம் அதே இடத்தில் தன் எண்ணை எழுதிவிட்டுப் போய்விடும். அண்ணன் பங்கில் இருந்த இரண்டு முக்கோணங்களில் முதலாவதின் பரப்பு அப்படித்தான் அழிந்தது.

கால்குலேட்டரோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். துவையலைக்கூட மறந்துவிட்டாள். ஒருநாள், “கெடச்சிட்ச்சிக்கா,” என்றாள். புரோகிராமின் தொடக்கத்திலேயே ‘லோக்கல்’ என்று எழுதி, பக்கத்தில் எஸ் என்று போட்டுவிட்டால், அந்த எஸ் அந்த புரோகிராமுக்கு மட்டும் சொந்தம். வெளியே அதே பெயரில் எது இருந்தாலும் தொடாது. வேலை முடிந்ததும் தானும் இருக்காது.

சார் கேட்டுவிட்டு, “நம்மளே லோக்கல் பார்ட்டி, இதுல மிஷினுக்கு வேற லோக்கலா?” என்றார். நானும் கூடச் சிரித்தேன். எங்கள் பக்கம் லோக்கல் என்றால் மட்டமானது, ரவுடித்தனமானது என்றுதானே பொருள்! அவள் எல்லா புரோகிராமையும் மாற்றி எழுதினாள். ஓட்டிப் பார்த்தால் மிஷின் பாதியில் நின்று, எஸ்ஸில் எதுவும் இல்லை என்றது. தொடக்கத்தில் பூஜ்யம் வைக்க மறந்திருக்கிறாள். நான் பதறினேன். அவளுக்குச் சந்தோஷம். “முன்னெல்லாம் பழசு எதுனா கெடந்தா அதையே எடுத்துகினு கம்முனு போயிடும். இப்ப இல்லன்னா இல்லன்னு சொல்லுதுக்கா.” அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வருடம் சென்னையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போனாள். இதுவரை என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார்களாம். இரண்டு எஸ்ஸின் கதையைச் சொன்னாளாம், ஏழுமலையின் கை உட்பட. வேலை கிடைத்துவிட்டது. அல்வாப் பொட்டலத்தோடு வந்து சொன்னாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. அமெரிக்காவில் கம்பெனிகள் படுத்துக்கொண்ட நேரம். ஒரு திங்கட்கிழமை போனால் கதவு பூட்டியிருந்ததாம். விடுதியைக் காலி செய்துவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். சார் அதற்குள் அளவையும் கணக்கையும் தானே செய்கிற புதுக் கருவி வாங்கியிருந்தார். “பார்க்கலாம்மா,” என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும். கிளம்பும் முன் மேஜை இழுப்பறையைத் திறந்து கால்குலேட்டரை எடுத்தாள். பின்மூடியைத் தள்ளினாள். வெள்ளைப் பொடி, அந்த வாடை. புது பேட்டரி வாங்கிவந்து போட்டுப் பார்த்தோம். திரை உயிர்பெற்றது, உள்ளே ஒரு புரோகிராமும் இல்லை. “போவட்டும் விடுக்கா,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் காத்துக்கொண்டிருந்தார்கள், கல்யாணம் செய்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நல்ல மனிதர்தான். பிறகு ஒரே ஒருமுறை அவளை மின்சார ரயிலில் பார்த்தேன். கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள் தெரிந்தது. தூக்கமில்லை என்றாள், நானும் நம்பினேன். எடுத்த எடுப்பில் அந்தத் தோப்பைப் பற்றித்தான் கேட்டாள். இருவருமே விற்றுவிட்டார்கள், சேர்த்து ஒரே காம்பவுண்டு போட்டு ஓட்டல் கட்டிவிட்டார்கள் என்றேன்.

“நடுவுல இருந்த கல்லு?”

“அந்த எடத்துலதான் நீச்சல் குளம் கீதாம்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறைமலைநகரில் இறங்கும்போது, “வரேங்க்கா,” என்றாள். அவ்வளவுதான்.

மஞ்சள் காமாலை முற்றி அவள் இறந்துபோனாள் என்பது காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவள் கணவர் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்திருந்தார். வேலை முடித்து, தொழிற்சாலைச் சட்டையோடு. தண்ணீர் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அவ போட்டோ எதுனா இருக்குமாக்கா? கல்யாண ஆல்பத்துல எல்லாத்துலயும் தல குனிஞ்சிகினே கீறா. வேலைக்குப் போன காலத்துல நல்லா சிரிப்பாளாமே, அவங்கம்மா சொன்னாங்க.”

சார் அதற்குள் காலமாகியிருந்தார். மாடியை இடித்துவிட்டார்கள், எங்கள் படங்கள், பிலிம் சுருள்கள் எல்லாம் பழைய பேப்பரோடு போயிருந்தன. அவை இருந்திருந்தாலும் அவருக்குக் கொடுக்க ஒன்றும் தேறியிருக்காது. அலுவலக கேமரா மூலைக்கற்களைப் படமெடுக்க மட்டும்தான். ஒவ்வொரு கல்லையும் மண் தள்ளிக் கண்டுபிடித்து, பக்கத்தில் அளவுகோலை நட்டுவைக்கிறவள் குமுதா. கேமராவைக் கண்ணில் வைத்ததும் சார் சொல்வார், “ஓரமா நில்லும்மா.” அவளும் நகர்ந்து நின்றுகொள்வாள்.