சம்பந்தியின் ஞாயிற்றுக்கிழமைப் பை

என் பேத்திக்குச் சளி பிடிக்காமல் போன ஒரு மார்கழியில் நான் வருத்தப்பட்டேன். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற வழியில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். நான், மனைவி, மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி. இரண்டு பக்கமும் ஆறு ஓடுகிற ஊர். மார்கழியில் விடியும் நேரம் ஜன்னல் கம்பியிலிருந்து பனி சொட்டும். மலை ஊர்க்காரர்கள் இதையா குளிர் என்கிறீர்கள் என்று சிரிப்பார்கள். பேத்திக்கு அது போதும். மூன்று வயதிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழையில் தொடங்கும் சளி, மார்கழியில் இழுப்பாக மாறி, மாசி வெயில் வந்தால்தான் விடும். அதில் ஒரு வருடம் அரையாண்டுப் பரீட்சையே எழுதவில்லை.

அந்த மாதங்களில் வீட்டில் நான்தான் எல்லாம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். தில்லை நகரில் இருக்கும் குழந்தை டாக்டரிடம் டோக்கன் போடுவது, ஆட்டோவில் அவளை மடியில் வைத்துக்கொண்டு போவது, ஆவி மெஷினின் மூடியை மூக்கில் பிடித்துக்கொண்டு கதை சொல்வது, எந்த மாத்திரை பாதி, எந்த மருந்து எத்தனை மில்லி என்று நினைவில் வைப்பது எல்லாம் என் பொறுப்பு. சீட்டுகளை வரிசையாக அடுக்கி நீல நிற ஃபைல் ஒன்று வைத்திருந்தேன். முப்பது வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அதன் பிறகு என்னை யாராவது ஒன்று கேட்டார்கள் என்றால், அது அந்த ஃபைலைப் பற்றித்தான். மாலையில் மகன் செருப்பைக் கழற்றும்போதே, "அப்பா, இன்னிக்கு எப்படி இருக்கா?" என்பான். அந்த ஒரு கேள்விக்காக நான் ஐந்து மணியிலிருந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பேன்.

போன வருடம் ஆவணியில் மருமகளின் அப்பா வேலையை விட்டார். துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவர். கண் முன்போல் இல்லை என்று வீட்டில் உட்கார்ந்தவர், ஞாயிறுதோறும் மகளைப் பார்க்க வர ஆரம்பித்தார். ஒரு பஸ்ஸில் சத்திரம் பஸ் நிலையம் வந்து, அங்கே ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, எட்டரை மணிக்கு மணி அடிப்பார். கையில் கனமான துணிப்பை ஒன்று. கொல்லையில் ஒடித்த முருங்கைக்கீரை ஈரத்துணியில் சுற்றியிருக்கும். அதன் அடியில் கொள்ளு, தோலோடு கறுப்பு உளுந்து, பெரிய நெல்லிக்காய். சில வாரம் உமியில் புதைத்த நாட்டுக்கோழி முட்டை.

"என்ன சம்பந்தி, மருந்துக்கடையே வந்துடுச்சு போலிருக்கு?" என்று முதல் வாரம் கேட்டேன்.

"மருந்தெல்லாம் இல்லைங்க, சாப்பாடுதான். டாக்டர் குடுக்கிறதை டாக்டர் குடுக்கட்டும். பிள்ளை உடம்புல கொஞ்சம் தெம்பு இருந்தா பனி வந்து என்ன பண்ணிடும்?"

சொல்லிவிட்டுச் சட்டையை மடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். மகளை ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். "ஆறு நாள் நீ நிக்கிறல்ல, இன்னிக்கு உக்காரு" என்றார். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் எல்லாம் தட்டிப் போட்டுக் கீரை சூப் வைத்து, மிளகுத்தூள் தூவி, இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, பேத்தியை மடியில் உட்கார வைத்துக் கொடுத்தார். அவள் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. நான் பால் கொடுத்தால்கூட வீடு முழுக்கத் துரத்த வேண்டும்.

அந்தப் பை வாரம் முழுவதும் வேலை செய்தது. மருமகள் கொள்ளு ரசம் வைத்தாள், நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்டினாள். பேத்தியின் டிபன் டப்பாவில் தேனில் ஊறிய நெல்லிக்காய் போயிற்று. ஒரு ஞாயிறு அவர் என்னைக் கேட்டார்: "ஏங்க சம்பந்தி, நேத்து ஒடிச்ச கீரை இன்னிக்கு மஞ்சளாவுதே, அது ஏன்?" எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பச்சையம் என்றால் என்ன, அது எப்படிச் சிதைகிறது என்று பத்து நிமிடம் விளக்கினேன். கைகட்டிக் கேட்டார். நான் முடித்துத் திரும்பிப் பார்த்தால், பேத்தி அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தாள். "துவாக்குடி தாத்தா வந்தா சூப்பு. வீட்டுத் தாத்தா வந்தா மாத்திரை" என்று ராகம் போட்டுப் பாடினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசி போயிற்று. கார்த்திகை போயிற்று. பேத்தி இருமவில்லை. மகனுக்குக் காலைத் தும்மல் நின்றது. "என்னங்க, இந்த வருஷம் தைல டப்பாவையே திறக்கலையே" என்று மனைவி சந்தோஷமாகச் சொன்னாள். மகன் வேலையிலிருந்து வந்தால் நேராகக் குளிக்கப் போனான். என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை.

மார்கழி முதல் வாரம் வழக்கமான பரிசோதனைக்கு நானும் பேத்தியும் போனோம். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், எடை பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்காளே! சாப்பாட்டுல என்ன மாத்தினீங்க?"

"வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர். கீரை, கொள்ளு, அந்த மாதிரி."

"அதையே விடாம குடுங்க."

யார் கொண்டு வருகிறார் என்று நான் சொல்லவில்லை. பேத்தி சொல்ல வாயெடுத்தாள். "கெளம்பு, கெளம்பு, ஆட்டோ நிக்குது" என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு சம்பந்தியை பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தேன். ஒருநாளும் அப்படிப் போகிறவன் இல்லை. அவருக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டிருக்க வேண்டும். அரை அடி பின்னாலேயே வந்தார். பஸ் நிறுத்தத்தில் சொன்னேன்: "டாக்டர் கொஞ்ச நாளைக்குக் கீரை, கொள்ளெல்லாம் வேண்டாம்ங்கிறார் சம்பந்தி. சின்ன உடம்பு, தாங்காதாம்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, அப்படிங்களா? தெரியாம இத்தனை நாளாக் குடுத்துட்டேனே... பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிடலையேங்க?"

"சே சே. ஒண்ணும் ஆகலை. நிறுத்திக்கிட்டா போதும்."

எந்த டாக்டர், ஏன் என்று அவர் கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவர், மாப்பிள்ளையின் அப்பாவிடம் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார். அது எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். வெறுங்கையோடு அவர் மகள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார். கடையில் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வருகிற ஆளும் இல்லை. தன் கொல்லையில் விளைந்ததைத்தான் கொடுப்பார். பையை நிறுத்தினால் அவரே நின்றுவிடுவார். இது எனக்குத் தோன்றவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். தோன்றியது. தோன்றித்தான் சொன்னேன்.

டாக்டர் நிஜமாகவே வேண்டாம் என்றாரா என்று மருமகள் என்னிடம் ஒரு தடவை கேட்டாள். "ஆமாம்மா, டாக்டர் சொன்னார்" என்றேன். அவளும் நிறுத்திவிட்டாள்.

ஞாயிறு எட்டரைக்கு மணி அடிக்கவில்லை. அவருக்குக் கால் வலியாம். பேத்தி வாசலுக்கும் பால்கனிக்கும் நடந்தாள். நான் கடைத்தெருவில் கீரை வாங்கி வந்து, நானே சூப் வைத்தேன். காம்போடு வேகவைத்துவிட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டுப் பேத்தி, "தாத்தா, இது செடிக்கு ஊத்துற தண்ணியா?" என்றாள்.

"டாக்டர் வேண்டாம்னார்னு சொன்னீங்க, இப்ப நீங்களே வைக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"கொஞ்சம்தானே. ஒண்ணும் பண்ணாது."

"உங்களுக்கு அவர் வந்தது பிடிக்கலை. சொல்லிட்டேன்." அவள் உள்ளே போய்விட்டாள். பாத்திரத்தைத் தேய்க்கும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

நாலாவது வாரம், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது பேத்தி இருமினாள். ஈரமான இருமல். அதைக் கேட்டதும் எனக்குள் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் பீரோவைத் திறந்து நீல ஃபைலை எடுத்தேன். அப்போது என் முகத்தில் என்ன இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு குறுகுகிறது. இரண்டு நாளில் இழுப்பு வந்தது. நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வந்தது. சந்தோஷம் என்று நான் எதை நினைத்தேனோ அது அப்போதுதான் செத்தது.

அன்று மருமகள் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தாள். டாக்டர் ஆவி வைக்கச் சொன்னார், மருந்து எழுதினார். பிறகு நிமிர்ந்து, "சாப்பாடு எப்படி? போன தடவை நல்லாப் போயிட்டிருந்துதே" என்றார்.

"நீங்க கீரை, கொள்ளெல்லாம் வேண்டாம்னு சொன்னதால நிறுத்திட்டோம் டாக்டர்."

"நானா? விடாம குடுங்கன்னுல்லம்மா சொன்னேன். தாத்தாகிட்டயே சொன்னேனே."

மருமகள் என்னைப் பார்க்கவில்லை. என் மடியிலிருந்த ஃபைலைப் பார்த்தாள். கை நீட்டி அதை எடுத்துக்கொண்டாள்.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியது. பேத்தி அவள் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். "மாமா," என்றாள் மெதுவாக. "எங்கப்பா வராததுக்கு அவர் மேலதான் கோவப்பட்டேன். கால்ல ஒண்ணும் இல்லைன்னு அம்மா சொல்லிடுச்சு. பொய் சொல்றியாப்பான்னு போன்ல கத்தினேன். ஒண்ணும் பேசாம வச்சுட்டாரு." பேத்தியின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, "உங்க மேல எனக்குச் சந்தேகமே வரலை மாமா" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை பஸ் ஏறித் துவாக்குடி போனேன். பத்து வருடத்தில் இரண்டே தடவை, காரில், பழத்தட்டோடு போன வீடு. சம்பந்தி பதறிப்போய்த் துண்டால் நாற்காலியைத் துடைத்தார். "ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே! பாப்பாவுக்கு எப்படிங்க இருக்கு?"

நின்றுகொண்டே சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்றேன். அவர் மடியில் அவள் உட்காருவதைப் பொறுக்க முடியவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து நின்றாள். "அண்ணே, நாலு ஞாயித்துக்கெழமையும் வெள்ளனவே எந்திரிச்சுக் கீரையை ஒடிச்சு வச்சாரு. அப்புறம் அதை எடுத்துப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டாரு. பிள்ளைக்கு நாம கெடுதல் பண்ணிட்டோமோன்னு ராவெல்லாம் கேட்டாரு. அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும்."

"நீ உள்ள போ" என்றார் அவர். அவள் போகவில்லை. அவர் என்னிடம், "பாப்பாவுக்கு நான் குடுத்ததால எதுவும் ஆகலையே? அது நிச்சயந்தானேங்க?" என்று மட்டும் கேட்டார். நிச்சயம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது போதுங்க" என்றார். வாசல்வரை வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம். கால் வலியாவே இருந்துட்டுப் போகட்டும்."

ஞாயிறு மணி அடித்தது. கதவைத் திறந்த மகன், "வாங்க மாமா, கால் எப்படி இருக்கு?" என்றான். அவர் பையோடு இடது காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தார். எனக்காக நொண்டினார். "இப்ப பரவாயில்ல மாப்பிள்ளை, ஏறுறப்பத்தான் சுருக்குங்குது" என்று விளக்கம் வேறு சொன்னார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மகன் அவருக்குத் தைலம் தேட எழுந்தான்.

"உக்காருடா," என்றேன். "அவர் கால்ல ஒண்ணும் இல்லை." எல்லாவற்றையும் சொன்னேன். துவாக்குடியில் சொன்னதைவிட இங்கே கஷ்டமாக இருந்தது.

மகன் தரையைப் பார்த்தபடி, "அவளுக்கு மூச்சு இழுத்தப்பகூடச் சொல்லலையேப்பா" என்றான். அவ்வளவுதான். மாசி பாதி வரை என்னோடு அவன் சரியாகப் பேசவில்லை.

பேத்தி முழுதாகத் தேறுவதற்குள் தை முடிந்துவிட்டது. கீரை நின்றதால்தான் சளி வந்தது என்று சொல்லமாட்டேன். அவள் வகுப்பில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். நன்றாக இருந்த பிள்ளைக்கு நன்மை செய்ததை நிறுத்தினேன் என்பதற்கு அது சமாதானம் ஆகாது.

இந்த வருடக் குளிரும் வந்துவிட்டது. அவர் வருகிறார், காலை நேராக வைத்து நடக்கிறார், என்னிடம் முன்போலவே பணிவாகப் பேசுகிறார். டாக்டரிடம் மருமகள்தான் போகிறாள். நான் கூடப் போனாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். டாக்டர் சொன்னதை என் வாயால் கேட்டுக்கொள்ள இந்த வீட்டில் யாரும் இல்லை. யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பேத்தி இன்னும் ஒரு தடவைகூட இருமவில்லை. போன ஞாயிறு அவள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்தபோது, நெஞ்சில் பழைய இடத்திலேயே சுருக்கென்றது. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.